ஆயில் சீலை மாற்றுவதற்கு முன் கிராங்கேஸ் காற்றோட்டத்தைச் சோதிக்கும் முறை

எஞ்சினில் ஆயில் கசிகிறது என்று காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டால், ஆயிலைக் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலையோ, எஞ்சினின் மேல்மூடியான டேப்பெட் கவரின் பேக்கிங்கையோ மாற்றித் தருவதே வழக்கம். சில மாதங்களில் அதே இடத்தில் மீண்டும் கசிவு தொடங்கினால், சீலைக் குறை சொல்வதற்கு முன் அதை உள்ளிருந்து தள்ளும் அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். கிராங்கின் பின்பக்க சீலை மாற்றக் கியர்பாக்ஸையே இறக்க வேண்டியிருப்பதால் அந்த வேலைக்குக் கூலி அதிகம். அந்த அழுத்தத்தை வெளியேற்றும் பிசிவி வால்வைச் சோதிப்பதற்கோ, பெரும்பாலான பெட்ரோல் கார்களில், சிறிது நேரமும் ஒரு பிளேயரும் போதும்.

பிஸ்டன் ரிங் புதிதாக இருந்தாலும், எரிதலின்போது உண்டாகும் வாயுவில் ஒரு சிறு பகுதி ரிங்கைக் கடந்து கீழே கிராங்க் சுழலும் அறையான கிராங்கேஸுக்குள் இறங்கவே செய்யும்; மெக்கானிக்குகள் இதைத்தான் பேக் கம்ப்ரஷன் என்கிறார்கள். அந்த வாயுவில் எரியாத பெட்ரோலும் நீராவியும் அமிலத்தன்மை தரும் பொருள்களும் கலந்திருப்பதால், வெளியேற வழியில்லாவிட்டால் அது அழுத்தமாகச் சேர்ந்து சீல்களைத் தள்ளுவதோடு, ஆயிலையும் கெடுத்துக் கசடாக்கிவிடும். பழைய கார்களில் ஒரு குழாய் வழியே இதை அப்படியே சாலையில் விட்டார்கள். 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் புகைமாசைக் குறைக்கும் முயற்சியாக, இந்த வாயுவை மீண்டும் எஞ்சினுக்குள் இழுத்து எரிக்கும் ஏற்பாடு புதிய கார்களில் இடம்பெற்றது. ஏர் கிளீனர் பக்கமிருந்து பிரீதர் ஹோஸ் வழியாகச் சுத்தமான காற்று உள்ளே வர, கிராங்கேஸ் வாயுவை பிசிவி வால்வு வழியாக, சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டு உறிஞ்சிக்கொள்கிறது.

வால்வுக்குள் இருப்பது ஒரு ஸ்பிரிங்கும் ஒரு சிறு உருளையும்தான். ஐடிலிங்கில் மேனிஃபோல்டின் உறிஞ்சல் மிகுதியாக இருப்பதால் உருளை இழுக்கப்பட்டு வழி குறுகுகிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க உறிஞ்சல் குறைந்து வழி அகலமாகிறது. சேலத்திலிருந்து தொப்பூர் கணவாயை முழுப் பாரத்தோடு ஏறும் காரிலோ, கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூருக்கு ஏறும் காரிலோ, பேக் கம்ப்ரஷன் கூடும் அதே நேரத்தில் உறிஞ்சல் மிகவும் தளர்ந்துவிடுவதால், மிஞ்சிய வாயு பிரீதர் ஹோஸ் வழியே எதிர்த்திசையில் ஏர் கிளீனர் பக்கம் போகும். அந்த ஹோஸும் கசடால் அடைத்திருந்தால் டிப் ஸ்டிக் தானாக மேலெழும்பும், சீல் ஓரங்கள் ஈரமாகும். எனவே வால்வை மட்டும் பார்த்துவிட்டு பிரீதரை விட்டுவிடக் கூடாது.

இறக்கத்தில் வேறு அடையாளம் தெரியும். தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கிக் கீழ் கியரில் ஆக்சிலரேட்டரை விட்டுக் கணவாயில் இறங்கும்போது உறிஞ்சல் உச்சத்தில் இருக்கும். வால்வு திறந்தபடியே சிக்கியிருந்தால் ஆயிலும் சேர்ந்து இழுபட்டு, அடிவாரத்தில் மறுபடி மிதித்ததும் நீலப் புகை வரும். எஞ்சின் ஹெட்டிலுள்ள வால்வுகளின் ஸ்டெம் சீல் தேய்ந்திருந்தாலும் இதே புகை வரக்கூடும் என்றாலும், எஞ்சின் ஹெட்டைத் திறக்கச் சம்மதிப்பதற்கு முன் பிசிவி வால்வை மாற்றிப் பார்ப்பதே முறை என்பது என் உறுதியான கருத்து.

சோதனையை எஞ்சின் சூடேறிய நிலையில், துண்டோ தொங்கும் துணியோ பெல்ட், ஃபேன் பக்கம் போகாதபடி செய்யவும். எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது, வால்வை ஹோஸோடு சேர்த்து டேப்பெட் கவரிலிருந்து பிடுங்கி அதன் முனையைக் கட்டைவிரலால் மூடினால், விரல் இழுபடுவது நன்றாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வால்வு, ஹோஸ், மேனிஃபோல்டு முனை ஆகிய மூன்றில் ஒன்று அடைத்திருக்கிறது. எஞ்சினை நிறுத்தியபின் வால்வைக் கழற்றிக் குலுக்கினால் கலகலவென்று ஒலிக்க வேண்டும். ஒலிக்காத வால்வு சிக்கிவிட்டது என்று கொள்ளலாம். ஆனால் ஒலிக்கும் வால்வெல்லாம் நல்லது என்று கொள்ள முடியாது, ஏனென்றால் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் அது ஒலிக்கும். கார்புரேட்டர் கிளீனர் அடித்துக் கழுவலாம் என்றாலும், விலை குறைந்த பொருள் என்பதால் புதியதையே நான் பரிந்துரைப்பேன். பழைய வால்வு எந்தத் திசையில் இருந்ததோ அதே திசையில் புதியதைப் பொருத்த வேண்டும்.

ஹோஸை அழுத்திப் பார்க்கும்போது ஊறி மெத்தென்றிருந்தாலோ வெடித்திருந்தாலோ, ஆயிலைத் தாங்கும் ஹோஸாகவே மாற்ற வேண்டும். தண்ணீர்க் குழாய்த் துண்டு அங்கே நிலைக்காது. சில புதிய எஞ்சின்களில் வால்வும் ரப்பர் டயாஃப்ரமும் டேப்பெட் கவருக்குள்ளேயே இருக்கும். ஆயில் மூடியைத் திறக்கக் கடினமாகி விசில் போன்ற ஒலி வந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்க வாய்ப்புண்டு.

ஏர் கிளீனரில் ஆயில் சேர்கிறது என்பதற்காகச் சிலர் பிரீதர் ஹோஸைக் கழற்றித் தொங்கவிடுகிறார்கள். கிரானைட் குவாரி லாரிகள் ஓடும் கிருஷ்ணகிரிச் சாலைகளில் இதைவிடக் கேடான வேலை இல்லை. வடிகட்டப்படாத கல்தூசி நேரே உள்ளே போய் ரிங்கையும் பேரிங்கையும் அரிக்கும்.

ஓசூரில் மார்கழிக் குளிரில் வீட்டிலிருந்து சிப்காட் வரை மட்டுமே ஓடும் காரில், ஆயில் மூடியின் அடியில் வெளிர்பழுப்பு நிறப் பசை படிவதுண்டு. ஆயில் போதிய அளவு சூடாகாமல் நீராவி அங்கேயே குளிர்ந்து தங்குவதே பெரும்பாலும் காரணம். கூலன்ட் அளவு குறையவில்லை என்று முதலில் உறுதி செய்துகொண்டு, வால்வு சரியாக இருந்தால் வாரம் ஒருமுறை கிருஷ்ணகிரி வரையாவது ஓட்டி வரவும். கூலன்ட் குறைந்திருந்தால், எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

எல்லாம் மாற்றிய பின்னும் பிரீதரிலிருந்து புகைபோல வாயு அடித்தால், ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் அளக்கச் சொல்லுங்கள். அளவு குறைந்த சிலிண்டரில் சிறிது ஆயில் விட்டு மறுபடி அளக்கும்போது அளவு உயர்ந்தால் தேய்ந்தது ரிங். உயராவிட்டால் எஞ்சின் ஹெட்டிலுள்ள வால்வுகளையும் ஹெட் கேஸ்கெட்டையும் பார்க்க வேண்டும்.