காயலான் கடை இருந்த மனையின் மண்: சோதிப்பதும் பாதுகாப்பதும்

சென்னையில் மனை வாங்கும்போது வில்லங்கச் சான்றிதழைப் பார்க்காதவர் இல்லை. அந்த மனையில் இதற்கு முன் என்ன தொழில் நடந்தது என்று விசாரிப்பவரோ மிகச் சிலர். பழைய கம்ப்யூட்டரையும் டிவியையும் பிரித்த காயலான் கடையோ, ஒயரை எரித்துச் செம்பு எடுத்த இடமோ அங்கே இருந்திருந்தால், கடை காலியாகிப் பல ஆண்டுகள் ஆன பின்னும் ஈயம், காட்மியம் ஆகிய நச்சு உலோகங்கள் அந்த மண்ணில் தங்கியிருக்கும். அவை தனிமங்கள் என்பதால் மக்குவதும் இல்லை, சிதைவதும் இல்லை. அத்தகைய இடத்தில் கீரை விதைப்பதற்கும் குழந்தைகளை விளையாட விடுவதற்கும் முன்னால் செய்ய வேண்டியவற்றை இங்கே சொல்கிறேன்.

முதல் வேலை விசாரணை. தெருமுனை டீக்கடைக்காரரிடமும் நெடுநாள் குடியிருப்பவர்களிடமும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: ஒயர் எரித்தார்களா, மின்சுற்று போர்டுகளை ஆசிட்டில் ஊற வைத்தார்களா, அந்த ஆசிட் தண்ணீரை எந்த மூலையில் ஊற்றினார்கள்? எரித்த இடத்தில் நஞ்சு பெரும்பாலும் மேல்மண்ணிலேயே நிற்கும்; ஆசிட் ஊற்றிய இடத்தில் உலோகங்கள் கரைந்து ஆழமாக இறங்கியிருக்கும் என்பதால் இந்த வேறுபாடு முக்கியமானது. திருவான்மியூர், தண்டையார்பேட்டை போன்ற மணற்பாங்கான பகுதிகளில், களிமண் பகுதிகளைவிட எளிதாக அந்த நஞ்சு நிலத்தடி நீரை எட்டிவிடும். அங்கே போர் தண்ணீரையும் சேர்த்தே சோதிக்க வேண்டும்.

பிறகு குனிந்து பாருங்கள். ஒயர் எரித்த இடத்தில் கருத்த சாம்பலோடு உருகி இறுகிய பிளாஸ்டிக் கட்டிகளும், பச்சை பூத்த மெல்லிய செம்புக் கம்பிகளும் கிடக்கும். சுற்றிலும் அருகம்புல் முளைத்திருக்க, அந்த வட்டம் மட்டும் மொட்டையாக இருக்கலாம். பிவிசி உறையைச் செம்போடு சேர்த்து எரிக்கும்போது டயாக்சின் என்ற கொடிய நச்சு வேதிப்பொருள் உண்டாகிறது. தடித்த கண்ணாடிச் சில்லுகள் பழைய பிக்சர் டியூபினுடையவை என்றால், அவற்றில் ஈயம் உண்டு. பழைய போர்டுகளின் பற்றவைப்பில் வழக்கமாக இருந்தது 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்பதற்காக மண் நல்லது என்று முடிவு கட்டக் கூடாது.

மண் எடுப்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். துருப்பிடித்த மண்வெட்டியோ, துத்தநாகப் பூச்சுள்ள தகரக் கரண்டியோ வேண்டாம். கருவியின் உலோகமே முடிவைக் கெடுக்கும். எவர்சில்வர் கரண்டியும் பிளாஸ்டிக் வாளியும் போதும். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, மண் பறக்காத வேளையில் எடுங்கள். குழந்தைகள் புழங்கும் இடமானால் மேலே உள்ள 5 சென்டிமீட்டர் மண்ணையும், பயிரிடும் இடமானால் 15 சென்டிமீட்டர் ஆழம் வரை உள்ள மண்ணையும் எடுக்க வேண்டும். இடம் முழுவதும் குறுக்கும் நெடுக்குமாகப் பத்துப் பதினைந்து புள்ளிகளில் எடுத்து, கல்லும் வேரும் நீக்கிக் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோவைப் பிரித்து, நிழலில் உலர்த்திப் பையில் கட்டுங்கள். எரித்த வட்டத்தின் மண்ணையும் ஆசிட் மூலையின் மண்ணையும் இதோடு கலக்காமல் தனித்தனிப் பைகளில் வையுங்கள். கலந்துவிட்டால் கடுமையான நஞ்சு சராசரியில் மறைந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க, அதே பகுதியில் இத்தொழில் நடக்காத ஓர் இடத்து மண்ணும் வேண்டும்.

வேளாண்மைத் துறையின் மண்வள அட்டைச் சோதனை இதற்கு உதவாது. அது தழை, மணி, சாம்பல் சத்துகளையும் துத்தநாகம், இரும்பு போன்ற நுண்ணூட்டங்களையும் அளக்கிறதே தவிர, ஈயத்தையும் காட்மியத்தையும் அளப்பதில்லை. ஆய்வுக்கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் ஈயம், காட்மியம், செம்பு, நிக்கல், குரோமியம் ஆகியவற்றின் மொத்த அளவையும், கூடவே மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவையும் கேளுங்கள். டியூப் லைட் உடைத்த இடமானால் பாதரசத்தையும் சேர்க்கச் சொல்ல வேண்டும். டயாக்சின் சோதனைக்குச் செலவு மிக அதிகம். எரித்தது உறுதியானால் அது இருக்கிறது என்றே கொண்டு நடப்பது மேல்.

முடிவு வந்ததும் ஒப்பீட்டு மண்ணோடு வைத்துப் பாருங்கள். இயல்பான மண்ணில் ஈயம் பொதுவாகக் கிலோவுக்கு 10 முதல் 50 மில்லிகிராம் வரை இருக்கும். குடியிருப்பு மண்ணுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வைத்திருந்த 400 மில்லிகிராம் என்ற எச்சரிக்கை அளவு 2024 ஜனவரியில் 200 ஆகக் குறைக்கப்பட்டது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் 100-ஐத் தாண்டினாலே அந்த மண்ணை மூடிவிட வேண்டும் என்பது என் கருத்து.

மூடுவதுதான் நம் கைக்கு எட்டிய நல்ல வழி. தோண்டி எடுத்து ஏரிக்கரையிலோ காலி மனையிலோ கொட்டினால் நஞ்சு இன்னொருவர் வாசலுக்குப் போகிறது. தோண்டும்போது கிளம்பும் தூசி நம் நுரையீரலுக்கே வருகிறது. நடைபாதைக்குச் சிமெண்ட் தளமோ கல்லோ பதிக்கலாம். மற்ற இடத்தில் கெட்டியான நெய்துணி விரிப்பைப் போட்டு, அதன்மேல் 30 சென்டிமீட்டர் நல்ல மண் கொட்டலாம். அந்தச் சவுடு எங்கிருந்து வருகிறது என்பதையும் லாரிக்காரரிடம் கேட்டுவிடுங்கள். சூரியகாந்தியும் கடுகும் நட்டால் மண் சுத்தமாகும் என்று பலரும் சொல்கிறார்கள். அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகலாம். அறுத்த செடியும் நஞ்சுக் கழிவாகவே நிற்கும்.

கீரைகள் காட்மியத்தை எளிதில் உறிஞ்சும். அவற்றின் இலையில் ஒட்டும் மண்ணோடு ஈயமும் வயிற்றுக்குள் போகும். எனவே அரைக்கீரை, சிறுகீரை, முள்ளங்கி ஆகியவற்றை மாடியில் குரோ பேக்கில் வளர்ப்பதே நல்லது. வீட்டுக்குள் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். குழந்தை அந்த மண்ணில் விளையாடிப் பழகியிருந்தால் மருத்துவரிடம் சொல்லி இரத்தத்தில் ஈய அளவைப் பாருங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், ஈயம் வரும் வழியைக் கண்டறிந்து தடுக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல்.

இப்போதும் எரிப்பதும் கொட்டுவதும் நடந்தால் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் பதிவு செய்து, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெறாமல் மறுசுழற்சி செய்யக் கூடாது. நேரம், இடம், ஆய்வறிக்கையின் நகல் ஆகியவற்றை இணையுங்கள். அங்கே வேலை செய்பவர்களின் முகத்தைப் படம் எடுக்காதீர்கள். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் அவர்கள்தான். எரியும் இடத்தையும், சரக்கு கொண்டு வந்து இறக்கும் வண்டியின் எண்ணையும் குறித்துக் கொடுத்தாலே போதும்.