பள்ளி விளையாட்டு விழா: கோடு போடுவது முதல் சான்றிதழ் வரை தவிர்க்க வேண்டிய தவறுகள்

200 மீட்டர் ஓட்டத்தில் ஆறாவது லேனில் ஓடும் பிள்ளை கடைசியாக வருகிறது. கால் வேகம் போதாமல் இருந்திருக்கலாம். தரையில் போட்ட கோடு தப்பாகவும் இருந்திருக்கலாம். கோடு தப்பு என்றால் அந்தப் பிள்ளைக்கு அது கடைசிவரை தெரியப்போவதில்லை. "நமக்கு ஓட்டம் வராது" என்று ஒதுங்கிவிடும். பள்ளி விளையாட்டு விழாவில் யார் முதலில் வருகிறார்களோ அவர்களைத்தான் பெரும்பாலும் குறுவட்டப் போட்டிக்கு (அக்கம்பக்கப் பள்ளிகளோடு மோதும் அடுத்த கட்டம்) அனுப்புகிறோம். அதனால் இந்த ஒரு நாளின் அளவுகளும் முடிவுகளும் சரியாக இருந்தே ஆக வேண்டும்.

ஓடுபாதை: 400-க்கான கணக்கை 200-க்குப் போடுவது

பெரும்பாலான பள்ளிகளில் 400 மீட்டர் பாதைக்கு இடம் கிடையாது. 200 மீட்டர் பாதைதான் போட முடியும். ஆனால் கையில் இருக்கும் அட்டவணை 400 மீட்டர் பாதைக்கானது. அதில் 200 மீட்டர் ஓட்டம் அரைச் சுற்று. நம் மைதானத்தில் அதே ஓட்டம் ஒரு முழுச் சுற்று. அட்டவணையில் உள்ள ஸ்டேகரை (வெளி லேன்களின் தொடக்கத்தை முன்னால் தள்ளிப் போடும் தூரம்) அப்படியே எடுத்தால், வெளி லேன்களுக்குக் கிடைக்க வேண்டியதில் பாதிதான் கிடைக்கும்.

200 மீட்டர் பாதைக்கு நம்பகமான ஒரு கணக்கு இது. மைதானத்தின் நடுவில் 40 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளைகளை அடியுங்கள். ஒவ்வொரு முளையிலிருந்தும் 18.90 மீட்டர் ஆரத்தில் அரைவட்டம் போட்டு, இரண்டையும் 40 மீட்டர் நேர்கோடுகளால் இணையுங்கள். இதுதான் முதல் லேனின் உள்கோடு. ஓடுகிறவர் கோட்டின் மேல் ஓடுவதில்லை, அதிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி ஓடுகிறார் என்று கொள்வதால் ஓடும் ஆரம் 19.10 மீட்டர். இரண்டு வளைவும் சேர்ந்து 120, நேர்பகுதி 80, மொத்தம் 200. லேன் அகலம் 1.22 மீட்டர், கோட்டின் தடிமன் 5 சென்டிமீட்டர். ஒவ்வொரு லேனின் வலப்பக்கக் கோடும் அந்த லேனின் அகலத்துக்குள் சேர்ந்ததே. ஆறு லேன் போட்டால் பாதை மட்டும் ஏறக்குறைய 92.5 மீட்டர் நீளம், 52.5 மீட்டர் அகலம் பிடிக்கும். சுற்றிலும் ஆள் நிற்க இடமும் விட வேண்டும். அவ்வளவு இடம் இல்லை என்றால் லேனைக் குறையுங்கள். லேனின் அகலத்தில் கை வைக்காதீர்கள்.

இப்போது ஸ்டேகர். உள்கோட்டில் மேடான வரம்பு இல்லாமல் வெறும் சுண்ணாம்புக் கோடு மட்டும் போட்ட பாதையில், ஒரு முழுச் சுற்றுக்கு லேனுக்கு லேன் கூடும் தூரம் 7.67 மீட்டர். வளைவின் ஆரம் எதுவானாலும் இது மாறாது. லேன் அகலத்தை வைத்து வரும் எண் இது. ஆறாவது லேனுக்கு ஐந்து மடங்கு, அதாவது 38 மீட்டருக்குச் சற்று மேல். தவறான அட்டவணையில் பாதியைக் கொடுத்தால் அந்தப் பிள்ளை மற்றவர்களைவிட 19 மீட்டர் கூடுதலாக ஓடுகிறது.

கணக்கு சரியாக இருந்தும் டேப்பைப் பிடிக்கும் விதத்தில் தப்பு நேரலாம். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் வளைவு தொடங்கிவிடுவதால் ஸ்டேகர் முழுக்க வளைவில்தான் விழும். டேப்பை நேராக இழுத்து 38.33 மீட்டரில் புள்ளி வைத்தால், வளைவின் வழியாக அது 43.5 மீட்டர் ஆகிவிடும். ஆறாவது லேனுக்கு 5 மீட்டருக்கு மேல் சலுகை. அந்த லேனின் உள்கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி, மீட்டருக்கு ஓர் ஆணி அடித்து, ஆணிகளை ஒட்டிக் கம்பியைப் படுக்கவைத்து அளங்கள். இரண்டு பேருக்கு அரை நாள் வேலை. முந்தின நாளே முடித்துவிட்டால் காலையில் அவசரம் இருக்காது.

100 மீட்டரை நேராக ஓடவிட வேண்டும் என்று சுவர்வரைக்கும் பாதையை இழுப்பது மிக ஆபத்தானது. தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் 3 மீட்டர், முடிவுக் கோட்டுக்கு அப்பால் 17 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். ஆக 120 மீட்டர் தேவை. 100-க்கு 60 மைதானத்தில் மூலைக்கு மூலை இழுத்தாலும் 116 மீட்டர்தான் வரும். அங்கே 100 மீட்டரை அரைச் சுற்றாக, லேனுக்கு 3.83 மீட்டர் ஸ்டேகருடன் நடத்துங்கள். சின்ன வகுப்புகளுக்கு 60 மீட்டர் நேர் ஓட்டமே போதும்.

கோடு போடும் பொடி விஷயத்திலும் கவனம் வேண்டும். நீற்றாத சுண்ணாம்பு ஈரம் பட்டால் கொதிக்கும். நீற்றிய சுண்ணாம்பும் கண்ணில் விழுந்தால் எரித்துப் புண்ணாக்கும். குனிந்து ஸ்டார்ட் எடுக்கும் பிள்ளையின் முகம் அந்தக் கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. கோலமாவு அல்லது சாக்பீஸ் பொடி பயன்படுத்துங்கள்.

தொடர் ஓட்டம்

அதிகமாகச் சண்டை வரும் போட்டி இதுதான். நான்கு இடத்திலும் ஒரே ஸ்டேகரைப் போட்டுவிடுவதுதான் பெரும்பாலும் காரணம். 200 மீட்டர் பாதையில் 4 பேர் 100 மீட்டர் தொடர் ஓட்டம் இரண்டு முழுச் சுற்று. முழுக்க லேனிலேயே ஓடினால் தொடக்கத்தில் லேனுக்கு 15.33 மீட்டர் தள்ள வேண்டும். முதல் மாற்றத்தின்போது இன்னும் ஒன்றரைச் சுற்று மிச்சம் இருப்பதால் அங்கே 11.50, இரண்டாவது மாற்றத்தில் 7.67, மூன்றாவதில் 3.83. ஆறாவது லேனின் தொடக்கம் கிட்டத்தட்ட வளைவின் முடிவுக்கே போய்விடும். பார்க்கிறவர்களுக்கு இது அநியாயமாகத் தெரியும். ஓட்டத்துக்கு முன்பே மைக்கில் விளக்கிவிடுங்கள். நான்கு அணி என்றால் நான்கு லேனோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கோல் (ஓடுகிறவர்கள் கைமாற்றும் குச்சி) மாற்றும் பகுதி இப்போது 30 மீட்டர்: குறிக்கோட்டுக்கு (ஒவ்வொரு 100 மீட்டரும் முடியும் கோடு) முன் 20, பின் 10. பழைய விதியில் இது 20 மீட்டராகவும், அதற்கு முன் ஓடத் தொடங்க 10 மீட்டர் தனியாகவும் இருந்தது. 2018 விதிப் புத்தகத்திலிருந்து இரண்டும் ஒன்றாகிவிட்டன. பழைய அளவில் கோடு போட்டுப் புதிய விதியில் தீர்ப்புச் சொல்வது பல இடங்களில் நடக்கிறது. கோல் கை மாறும்போது நடுவர் பார்க்க வேண்டியது கோல் எங்கே இருக்கிறது என்பதை மட்டுமே. வாங்குகிறவரின் கால் பகுதிக்கு வெளியே இருந்தாலும், கோல் உள்ளே இருக்கும்போதே கை மாறிவிட்டால் அது செல்லும். கோல் கீழே விழுந்தால் தவறவிட்டவரே எடுக்க வேண்டும். மற்றவர் எடுத்தால் அணி வெளியே.

முதலில் வந்தது யார்?

முடிவுக் கோட்டில் ஆறு ஆசிரியர்கள் நின்று, ஆறு பேருமே முதலில் வந்தவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மூன்றாம் இடம் யாருக்கென்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் வரும். ஒருவர் முதல் இடத்தை மட்டும், இன்னொருவர் இரண்டாம் இடத்தை மட்டும் என்று பிரித்துக்கொடுங்கள். அவர்கள் முடிவுக் கோட்டின் நேர்நீட்சியில், பாதையிலிருந்து 5 மீட்டர் தள்ளி, முடிந்தால் படி வைத்து ஒருவர் மேல் ஒருவராக உயரத்தில் நிற்கட்டும். கோட்டை முதலில் தொட வேண்டியது உடற்பகுதி. தலை, கை, கால் எதுவும் கணக்கில்லை. செல்போனில் படம் எடுப்பது உதவும். ஆனால் கோட்டுக்குச் சரியாக நேரே, ஸ்டாண்டில் நிறுத்திய போன் மட்டுமே சாட்சி. சாய்வாக எடுத்த வீடியோவில், போன் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருந்தது என்பதைப் பொறுத்து, பின்தங்கியவர்கூட முந்துவதாகத் தெரியலாம்.

நேரம் குறிப்பவர் விசில் சத்தத்துக்கு வாட்ச்சை அழுத்தினால் நேரம் தப்பாகும். சத்தம் 100 மீட்டர் வந்து சேர ஏறக்குறைய 0.3 வினாடி ஆகிறது. முடிவுக் கோட்டில் அது ஏறக்குறைய இரண்டு மீட்டர் வித்தியாசம். துப்பாக்கிப் புகையைப் பார்த்து, அது இல்லை என்றால் கிளாப்பர் பலகைகள் ஒன்றோடு ஒன்று மோதுவதைக் கண்ணால் பார்த்து அழுத்த வேண்டும். கை வாட்ச் நேரத்தை அடுத்த பத்தில் ஒரு வினாடிக்கு ஏற்றி எழுதுவதுதான் முறை: 13.21 என்றால் 13.3. மூன்று வாட்ச் இருந்தால் நடு நேரம், இரண்டு மட்டும் இருந்தால் இரண்டில் மெதுவான நேரம்.

ஹீட்ஸ் (பைனலுக்கு முந்தைய தகுதி ஓட்டங்கள்) நடத்திவிட்டு, நேரத்தை மட்டும் பார்த்துப் பைனலுக்கு ஆள் எடுப்பதையும் தவிருங்கள். வெவ்வேறு கைகள் அழுத்திய வாட்ச்களில் 0.1 வினாடி வித்தியாசத்துக்குப் பொருள் இல்லை. ஒவ்வொரு ஹீட்டிலும் முதல் இருவர், மீதி இடத்துக்கு மட்டும் நேரம் என்று வையுங்கள். 1500 மீட்டர் 200 மீட்டர் பாதையில் ஏழரைச் சுற்று. தொடக்கம் முடிவுக் கோட்டுக்கு எதிர்ப்புறம். சுற்று எண்ணுகிற ஒருவர் நான்கு பேருக்கு மேல் கவனிக்க முடியாது. கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்க மறந்துவிட்டால், முன்னால் ஓடுகிறவர் ஒரு சுற்று கூடுதலாக ஓடிவிடும் விபரீதமும் நடக்கும்.

தாண்டுதலும் எறிதலும்

நீளம் தாண்டுதலில் குழியை முந்தின நாளே கொத்தி, அன்று காலை நீர் தெளித்துச் சமப்படுத்துங்கள். காய்ந்து இறுகிய மணல் கணுக்காலை உடைக்கும். மணல் மட்டம் ஓடுவழியின் மட்டத்துக்குச் சமமாக இருக்கட்டும்; பள்ளமாக இருந்தால் தூரம் கூடிவிடும். தாண்டும் பலகைக்கு மிக அருகில் மணலில் பதிந்த தடம் எதுவோ அதிலிருந்துதான் அளவு. அது குதிகாலாக இருக்க வேண்டியதில்லை. பின்னால் ஊன்றிய கையாகவும் இருக்கலாம். டேப் தாண்டும் கோட்டுக்குச் செங்குத்தாக இருக்கட்டும். 4.379 மீட்டர் என்றால் 4.37 என்றே எழுத வேண்டும், மேலே ஏற்றக் கூடாது. சமநிலை வந்தால் இருவரின் அடுத்த சிறந்த தாண்டுதலைப் பாருங்கள். பூவா தலையா போட வேண்டாம்.

உயரம் தாண்டுதலைப் பற்றி ஒன்றே ஒன்று. மெத்தை இல்லாமல் மணலில் விழும் பள்ளிகளில் கத்தரிக்கோல் பாணி (ஒரு காலுக்குப் பின் மறுகாலை வீசித் தாண்டுவது) மட்டும்தான். முதுகுப் பக்கமாகத் தாண்டும் பாணியை மாணவர்கள் போனில் பார்த்துவிட்டுத் தாங்களாகவே முயல்கிறார்கள். மணலில் கழுத்து முதலில் இறங்கினால் முதுகெலும்பு போய்விடும். தடுக்க வேண்டியது நடுவரின் பொறுப்பு.

குண்டு எறிதல் வட்டத்தின் உள்விட்டம் 2.135 மீட்டர். குண்டு விழும் பகுதிக்குக் கோணமானி தேவையில்லை: வட்டத்தின் மையத்திலிருந்து 10 மீட்டர் தூரத்தில் இரண்டு எல்லைக்கோடுகளுக்கும் இடையே 6 மீட்டர், 20 மீட்டரில் 12 மீட்டர். அளக்கும்போது டேப்பின் பூஜ்ஜிய முனையைக் குண்டு விழுந்த தடத்தில் வைத்து, மறுமுனையை மையத்தின் வழியாக இழுத்து, வட்டத்தின் உள்விளிம்பில் அளவைப் படியுங்கள். எறிந்த பிறகு பின்பாதி வழியாக வெளியே வர வேண்டும் என்பதைப் போட்டிக்கு முன்பே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். சொல்லாமல் பவுல் கொடுப்பது நியாயமில்லை. 17 வயதுக்குட்பட்ட மாணவருக்கு 5 கிலோ, மாணவிக்கு 3 கிலோ. இருக்கிற ஒரே குண்டை எல்லோருக்கும் கொடுத்தால் சின்னப் பிள்ளையின் தோள்தான் பாதிக்கப்படும். எறிந்த குண்டை நடந்துபோய் எடுத்து வரட்டும், திருப்பி எறியக் கூடாது. கயிறு இழுக்கும் போட்டியில் கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ள யாரையும் விடாதீர்கள்.

வெயிலும் மேடையும்

காலை 8 மணிக்கு அணிவகுத்த பிள்ளைகளை வரவேற்புரை, சிறப்புரை என்று ஒரு மணி நேரம் நிறுத்திவைப்பதுதான் மயக்கத்துக்கு முதல் காரணம். அசையாமல் விறைப்பாக நின்றால் ரத்தம் கால்களில் தங்கிவிடும்; பலர் காலை உணவும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். மார்ச் பாஸ்ட் முடிந்ததும் நிழலில் உட்காரவையுங்கள்; பேச்சு அதன் பிறகு இருக்கட்டும். மயங்கிய பிள்ளையைத் தூக்கி உட்காரவைக்காமல், படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுப்பது கெடுதல். உப்பு அளவு மீறிவிடும். 800, 1500 மீட்டர் ஓட்டங்களைக் காலை முதல் மணி நேரத்திலேயே முடித்துவிடுங்கள். ஒரே மாணவர் 400-உம் 1500-உம் ஓடுவார் என்பதை நினைவில் வைத்து நேர அட்டவணை போடுங்கள்.

புள்ளியும் பெயரும்

ஹவுஸுக்கு (பள்ளிக்குள் மாணவர்களைப் பிரித்த அணி) இத்தனை பேர்தான் என்று வரம்பு வைக்காவிட்டால் ஆள் அதிகமுள்ள ஹவுஸே ஜெயிக்கும். போட்டிக்கு இரண்டு பேர், ஒரு மாணவருக்கு மூன்று தனிப் போட்டியும் தொடர் ஓட்டமும் என்ற வரம்பு சரியாக வரும். 5, 3, 1 புள்ளி முறையில் தொடர் ஓட்டத்துக்கு இரட்டிப்பு உண்டா, தனிநபர் சாம்பியன் பட்டத்தில் சமநிலை வந்தால் என்ன செய்வது என்பதை எல்லாம் ஒரு வாரம் முன்பே எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பரிசு மேடைக்குப் பக்கத்தில் நின்று எடுக்கும் முடிவை எந்த ஹவுஸும் நம்பாது.

வயதுப் பிரிவை வகுப்பை வைத்துப் பிரிக்க வேண்டாம். எட்டாம் வகுப்பில் 12 வயதுப் பிள்ளையும் இருக்கும், 14 வயதுப் பிள்ளையும் இருக்கும். சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள பிறந்த தேதியை எடுத்து, 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரியுங்கள். எந்தத் தேதியை வைத்து வயதைக் கணக்கிடுவது என்பதை அந்த ஆண்டின் போட்டிச் சுற்றறிக்கையில் பாருங்கள்.

மைக்கில் அறிவித்த பெயரைக் காதால் கேட்டுச் சான்றிதழில் எழுதும்போது இனிஷியல் மாறும், சண்முகப்பிரியா சண்முகபிரியா ஆவாள். பிறகு மதிப்பெண் சான்றிதழோடு பெயர் ஒத்துப்போகவில்லை என்று அந்தச் சான்றிதழை யாரும் ஏற்க மாட்டார்கள். பெயர், பிறந்த தேதி, எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை தரும் மாணவர் அடையாள எண்) மூன்றையும் பதிவேட்டிலிருந்து போட்டித் தாளிலேயே முன்கூட்டி அச்சிட்டுவிடுங்கள். நடுவர் அதில் லேன் எண்ணுக்கு நேரே இடத்தையும் நேரத்தையும் மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். சான்றிதழில் "இரண்டாம் இடம்" என்பதோடு நிறுத்தாமல் போட்டி, வயதுப் பிரிவு, நேரம் அல்லது தூரம், தேதி நான்கையும் சேருங்கள். அசல் போட்டித் தாள்களைத் தைத்து உடற்கல்வி அறையில் வைத்திருங்கள். குறுவட்டத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது அண்ணன் தம்பி பெயர் குழம்பினால், தீர்த்துவைக்க அந்தத் தாள் ஒன்றுதான் இருக்கும்.