"ஒரு மாதிரியா இருக்கு" என்றால் எந்த மாதிரி?

சேலம் அம்மாபேட்டையில் தறிச் சத்தத்தோடு வளர்ந்தவள் நான். தறி நின்றால் அப்பா ஒருநாளும் "ஒரு மாதிரியா இருக்கு" என்று சொன்னதில்லை. பாவு இழை அறுந்திருக்கு, விழுது போயிருக்கு, நாடா மாட்டிக்கிச்சு என்று பழுதின் பெயரைச் சொல்வார். பெயர் தெரிந்ததும் கை நேராக அங்கே போகும். அதே வீட்டில் மனசு நின்றுபோனால் மட்டும் "ஒண்ணுமில்லை" என்ற ஒரே பதில்தான். அந்தக் குறை கல்யாணத்துக்கு அப்புறம்தான் உறைத்தது. உணர்வுக்கும் தேவைக்கும் பெயர் சொல்ல நான் பழகிக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். ஒரு நோட்டு போதும்.

படி 1: மூடிச் சொற்களைப் பிடியுங்கள்

உள்ளே இருக்கும் உணர்வை மூடி மறைக்கும் சொற்கள் இவை: டென்ஷன், கடுப்பு, பரவாயில்லை, ஒரு மாதிரி. இரண்டு நாள் கவனித்து, உங்கள் வாயில் அடிக்கடி வருவதை எழுதி வையுங்கள். திருத்த வேண்டாம்.

படி 2: உடம்பைக் கேளுங்கள்

சொல் வராதபோது உடம்பு முந்திக்கொள்ளும். வயிற்றைப் பிசைகிறதா? வரப்போகும் எதையோ நினைத்துக் கவலை. வயிறு எரிகிறதா? ஆற்றாமை, சிலசமயம் பொறாமை. நெஞ்சு அடைத்தால் வெளியே சொல்லாத துக்கம். கை கால் ஓடவில்லை என்றால் பதற்றம். இவை பாட்டிமார் தினமும் பேசிய சொற்கள்தான், புதிதாக எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

படி 3: ஒரே சொல்லைப் பிரித்துப் பாருங்கள்

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளித்தெரியும் உணர்ச்சிகளைச் சொல்கிறது. எனக்கு அதைவிடப் பிடித்தது, ஒவ்வொன்றும் எதனால் வருகிறது என்று நான்கு நான்காகப் பிரித்திருப்பது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இழிவாக நடத்தியது, ஒன்றை இழந்தது, இருந்த நிலை கெட்டது, இல்லாமை. அழுகை முட்டும்போது இந்த நாலில் எது என்று கேட்டுப் பாருங்கள். இழந்தவருக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். இழிவுபட்டவருக்கு அது போதாது, மன்னிப்பு வேண்டும்.

படி 4: புகாரையும் உணர்வையும் பிரியுங்கள்

"என்னை யாரும் மதிக்கலை" என்பது அடுத்தவர் மேல் நாம் சொல்லும் தீர்ப்பு. நம் உணர்வு அதற்கு அடியில் கிடக்கிறது. அமெரிக்க உளவியலாளர் மார்ஷல் ரோசன்பெர்க் (1934–2015) பேச்சை நாலாகப் பிரிக்கச் சொன்னார்: நடந்தது, உணர்ந்தது, தேவை, வேண்டுகோள்.

போன ஆடிப் பண்டிகையில் என் வீட்டுக்காரர் பத்துப் பேரைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு, இலை போடும் நேரத்தில் சொன்னார். குழம்புச் சட்டியை நங்கென்று வைத்தேன். "என்னாச்சு?" என்றார். "ஒண்ணுமில்லீங்க." ராத்திரி நோட்டில் எழுதிப் பார்த்தால் அது கோபமே இல்லை. சோறு பத்தாமல் போய்விடுமோ என்ற பதைப்பு, அதற்கும் கீழே அசதி. மறுநாள் சொன்னேன்: "ஏங்க, கடைசி நேரத்துல பத்துப் பேர்னதும் எனக்குப் பதைச்சுப் போச்சு. முன்னாடியே தெரிஞ்சா சமாளிச்சுக்குவேன். இனிமே காலையிலயே ஒரு வார்த்தை சொல்லிடுறீங்களா?" "சரி, சொல்லிடுறேன்" என்றார். சண்டைக்கு அங்கே இடமே இல்லை.

படி 5: தேவைக்கும் பட்டியல் போடுங்கள்

ஓய்வு, தனிமை, கூடமாட ஒத்தாசை, பாராட்டு, குறுக்கே பேசாமல் கேட்க ஓர் ஆள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, யாரிடம் என்ன கேட்பீர்கள் என்று எழுதுங்கள். "நீங்க மாறணும்" என்று எழுதினால் அடித்துவிடுங்கள். "ராத்திரி பாத்திரம் நீங்க கழுவுறீங்களா?" என்பதுதான் கேட்கக்கூடியது.

படி 6: விளையாட்டாகப் பழகுங்கள்

ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு ஓர் உணர்ச்சிச் சொல், சொன்னது திரும்ப வரக்கூடாது. முதல் தடவை என் பையன் ஏழாவது வளைவிலேயே முழித்தான். மலை ஏறினால் "ஒரு மாதிரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு என் மடியிலேயே வாந்தி எடுப்பவன். போன மாதம் பஸ்ஸில் பதினோராவது வளைவு தாண்டியதும் என் கையைப் பிடித்தான்.

"அம்மா, பயமில்ல, குமட்டுது. ஜன்னல் ஓரம் நான் உட்காரட்டுமா?"