டி. பி. ராஜலட்சுமியைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்வது எப்படி: டர்பன் தமிழ் வகுப்புக்கு ஒரு குறிப்பு

டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் தமிழ் வகுப்புகளில் ராஜலட்சுமி என்றாலே 1931, 'காளிதாஸ்', முதல் தமிழ்ப் பேசும்பட நாயகி, அவ்வளவுதான். அதற்கு முன்னால் அவர் மௌனப்படத்தில் நடித்ததை யாரும் தொடுவதில்லை, எனக்கு அது மனசுக்கு ஒப்பவே இல்லை.

சினிமாவில் ஆரம்பிக்காதீர்கள், மேடையில் ஆரம்பியுங்கள். 1911-இல் திருவையாற்றில் பிறந்தார், சின்ன வயதிலேயே கல்யாணம், அது நிலைக்கவில்லை, அப்புறம் திருச்சியில் நாடகக் கம்பெனி. குடும்பப் பெண் மேடையேறினால் ஊரே ஏசிய காலம் அது என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்கமாகச் சொல்லுங்கள். மௌனப்படத்துக்குப் பாஷை தேவையில்லை, அதனால்தான் பம்பாயில் சுலோச்சனா என்ற பெயரில் நடித்த ரூபி மையர்ஸ் போன்ற யூதப் பெண்ணும், ஆங்கிலோ இந்தியப் பெண்களும் நட்சத்திரமாக முடிந்தது. 1929-இல் 'கோவலன்' படத்தில் நடித்த ராஜலட்சுமியின் குரலும் பாட்டும் திரையில் யாருக்கும் கேட்கவில்லை. இரண்டே வருஷத்தில் படம் பேச ஆரம்பித்ததும், மேடையில் பழகிய அதே குரல்தான் அவரை முன்னால் கொண்டுவந்தது. 1936-இல் 'மிஸ் கமலா'வைத் தானே இயக்கினார். உங்கள் பேச்சுக்கு இந்தத் திருப்பம்தான் உயிர், பாதி நேரத்தை இதற்கே கொடுங்கள்.

'கோவலனில்' எப்படி நடித்தார் என்று மட்டும் கற்பனையாக எழுதாதீர்கள், பார்ப்பதற்குப் படம் இல்லை. இந்தியாவில் எடுத்த 1,300-க்கு மேற்பட்ட மௌனப்படங்களில் முப்பதுகூட மிஞ்சவில்லை. தெற்கத்தி மௌனப்படம் எப்படி இருக்கும் என்று காட்ட 1933-இல் வந்த 'மார்த்தாண்ட வர்மா' உண்டு. பதிப்புரிமை வழக்கில் பறிமுதல் ஆகி முடங்கிக் கிடந்ததால்தான் அந்தப் பிரதியே தப்பியது. அதில் ராஜலட்சுமி இல்லை, அதைச் சொல்லிவிட்டே காட்டுங்கள்.

அடுத்து வீட்டில் கேளுங்கள். மௌனப்படத்தை நேரில் பார்த்தவர் இனி கிடைப்பது அரிது, ஆனால் தன் அம்மா சொல்லிக் கேட்ட ஆயா (பாட்டி) இருப்பார். "ராஜலட்சுமி தெரியுமா?" என்று கேட்டால் தெரியாது என்பார். "எந்த பயாஸ்கோப்புக்குப் போவீங்க, யார் கூட்டிட்டுப் போனது, என்ன பாட்டு ஞாபகம் இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். பழைய பெட்டியில் பேசும்படப் பாட்டுப் புத்தகம் கிடைத்தால் அட்டை, நடிகர் பட்டியல், அச்சகத்தின் பெயர் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள், லாமினேட் மட்டும் செய்யவேண்டாம், தாள் பாழாகிவிடும். டெர்பி தெருவில், இங்குள்ள இந்திய வம்சாவளியினரின் வரலாற்றைக் காக்கும் 1860 பாரம்பரிய மையத்திலும் ஒருமுறை விசாரியுங்கள்.

கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதாகவே எழுதுங்கள். சுலோச்சனாவின் சம்பளம் பம்பாய் கவர்னருடையதைவிட அதிகம் என்பார்கள். கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனாலும் "என்பார்கள்" என்று சேர்த்தே சொல்லுங்கள்.

சரி, உங்கள் வகுப்பு விழா அன்று மௌனப்படத் துண்டை ஓட்டும்போது பின்னணி இசை எதுவும் சேர்க்காதீர்கள். அந்தக் காலத்துக் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வார், அதே போல நன்றாகத் தமிழ் பேசும் ஒரு பெண்பிள்ளையை நிறுத்தி, அவள் சொந்த வார்த்தையிலேயே சொல்லவிடுங்கள்.