பேஸ் கிட்டார் சொல்லிச் செய்யப் போகிறீர்களா? மரத்தைப் பற்றிக் கடைசியில் பேசுவோம்

"அண்ணே, பேஸ் ஒண்ணு சொல்லிச் செய்யலாம்னு இருக்கேன், என்ன மரம் போடலாம்?" மதுரைப் பக்கம் கச்சேரிக்குப் போகும் இடங்களில் வாசிக்கும் தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். பதில் சொல்வதற்கு முன்னால் நான் திருப்பிக் கேட்க நிறைய இருக்கும். ஒரு ராத்திரிக்கு எத்தனை மணி நேரம் நின்று வாசிக்கிறீர்கள், இப்போது கையில் இருக்கும் பேஸின் எடை என்ன, அதன் நெக்கில் (இடது கை பிடிக்கும் நீண்ட கழுத்துப் பகுதி) உங்களுக்கு ஒத்துவராதது எது, பாடகிகளுக்காகச் சுருதி மாற்றும்போது கீழே எந்த ஸ்வரம் கிடைக்காமல் தவிக்கிறீர்கள்? பெரும்பாலும் இதில் ஒன்றுக்கும் பதில் இருக்காது. ஆனால் மரம், நிறம், தலையின் வடிவம் எல்லாம் முடிவாகியிருக்கும், அட்வான்ஸ்கூடப் போயிருக்கும்.

நானும் என் முதல் பேஸை அப்படித்தான் சொன்னேன். வெளியூரில் ஒருவரிடம், 5 கம்பி, 35 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), முழுத் தேக்கு பாடி. வந்து இறங்கியபோது அவ்வளவு அழகு, எடை மட்டும் 5 கிலோவுக்கு மேல். மேலூர்ப் பக்கம் ஒரு பொங்கல் திருவிழாவில் இரவு எட்டு மணிக்குத் தோளில் மாட்டி பன்னிரண்டரைக்குக் கழற்றினேன், மறுநாள் இடது தோளைத் தூக்க முடியவில்லை. அதைவிட மோசம், இடது கை பாதி நேரம் கம்பியை அழுத்தாமல், கீழே சாய்ந்துகொண்டே இருந்த நெக்கைத் தாங்கிக்கொண்டிருந்தது. செய்தவர் மேல் குறை சொல்ல முடியாது, நான் கேட்டதைத்தான் செய்து கொடுத்தார்.

அதனால் அளவிலிருந்து ஆரம்பியுங்கள். நண்பர்களிடம், கடையில், சர்ச்சில் வாசிப்பவர்களிடம் என்று மூன்று நான்கு பேஸ்களையாவது வாங்கி, ஒவ்வொன்றையும் அரை மணி நேரம் நின்றுகொண்டே வாசித்துப் பாருங்கள். கைக்குப் பிடித்ததை அளந்து எழுதி வையுங்கள். தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் சின்னப் பட்டையான நட் இருக்கும் இடத்தில் நெக்கின் அகலம் (ஃபெண்டர் கம்பெனியின் ஜாஸ் பேஸ் மாடலில் 38 மி.மீ., அவர்களுடைய பிரிசிஷன் மாடலில் பொதுவாக 41, 42), முதல் ஃப்ரெட்டிலும் (நெக்கின் குறுக்கே பதித்த உலோக மெட்டு) 12ஆம் ஃப்ரெட்டிலும் நெக்கின் கனம், பாடியில் கம்பிகள் முடியும் பிரிட்ஜில் கம்பிக்குக் கம்பி இடைவெளி. வெர்னியர் காலிப்பர் லேத் பட்டறை வைத்திருக்கும் யாரிடமும் இருக்கும். எடை பார்க்க, பேஸோடு ஒருமுறையும் பேஸ் இல்லாமல் ஒருமுறையும் எடை மெஷினில் ஏறி நின்று கழித்துக்கொண்டால் போதும். "மெலிசான நெக்" என்று மட்டும் சொன்னால் உங்கள் மெலிசு வேறு, செய்பவரின் மெலிசு வேறு. "முதல் ஃப்ரெட்டில் 21 மி.மீ." என்று சொன்னால் அங்கே குழப்பத்துக்கு இடமில்லை.

ஸ்கேல் நீளத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. 1951இல் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸுக்கு 34 அங்குலம் வைத்தார், இன்றுவரை பெரும்பாலான பேஸ்கள் அந்த நீளம்தான். இதில் முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காம் ஃப்ரெட் வரை விரலை விரிக்க வேண்டிய தூரம் 13 செ.மீ. அதே தூரம் 30 அங்குலப் பேஸில் 11.4 செ.மீ.தான். சின்னக் கை உள்ளவருக்கு, மூன்று மணி நேரக் கச்சேரிக்கு, இந்த ஒன்றரை சென்டிமீட்டர் பெரிய விஷயம். எதிர்ப்பக்கம் 35 அங்குலம் கேட்பவர்களும் உண்டு, 5 கம்பியில் எல்லாவற்றுக்கும் கீழே வரும் பி கம்பி தொளதொளவென்று இல்லாமல் இறுக்கமாக இருக்கும் என்று கேள்விப்பட்டு. இருக்கும்தான், ஆனால் 34க்கும் 35க்கும் நடுவில் இழுவிசை கூடுவது 6 சதவீதம் அளவுக்கே. கொஞ்சம் தடித்த கம்பி போட்டாலே அந்த இறுக்கம் கிடைத்துவிடும். கூடவே ஒரு தொல்லை, பாடியின் முதுகு வழியாகக் கம்பியைக் கோக்கும் பிரிட்ஜையும் கேட்டுவிட்டால் சாதாரண நீளக் கம்பி எட்டாமல் போகலாம். ஊருக்குள் 5 கம்பி செட் கிடைப்பதே சில நேரம் தேடல், இதில் கூடுதல் நீளம் வேறு என்றால் ஒவ்வொரு முறையும் ஆன்லைனில் வாங்கிக் காத்திருக்க வேண்டும்.

5 கம்பி தேவையா என்பதைப் பாட்டை வைத்து முடிவு செய்யுங்கள். 4 கம்பியில் மிகத் தடித்த கம்பியின் ஈ ஸ்வரத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. பாடகிக்காகப் பாட்டை டி அல்லது ஈ-ஃபிளாட் சுருதிக்கு மாற்றினால், ஆதார ஸ்வரத்தை மேல் ஸ்தாயியில்தான் பிடிக்க முடியும், பாட்டின் அடித்தளமே எழுந்து நிற்பதுபோல் ஆகிவிடும். வாரத்துக்கு நாலு கச்சேரி இப்படி வருகிறதென்றால் 5 கம்பி வேண்டும்தான். எப்போதாவது ஒரு டி போதும் என்றால், ஈ கம்பியைச் சுருதிக்கு முறுக்கும் டியூனரில் லீவர் வைத்து ஒரு தட்டில் டிக்கு இறக்கும் அமைப்பு உண்டு, அதை 4 கம்பிப் பேஸிலேயே கேளுங்கள். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். திறந்த பி கம்பி 31 ஹெர்ட்ஸ். ஊர்த் திருவிழாவில் கட்டும் பல ஸ்பீக்கர் பாக்ஸ்கள் அந்த ஆழத்துக்கு இறங்காது, மக்கள் கேட்பது அதன் மேலே எழும் துணைச் சுரங்களைத்தான்.

எத்தனை ஃப்ரெட் என்பதையும் சும்மா "24 போட்டுருங்க" என்று விட்டுவிடாதீர்கள். நம் ஊர்க் கச்சேரியில் பாதிக்குமேல் இளையராஜா பாட்டு. பண்ணைப்புரத்துக்காரரின் பேஸ் அடியில் அமைதியாகக் கிடக்காது, தனியாக ஒரு மெட்டைப் பாடிக்கொண்டு மேலே ஏறி வரும். அதனால் மேல் ஃப்ரெட்டுகளுக்குக் கை தடையில்லாமல் போக வேண்டும், அதற்குப் பாடியின் வெட்டு முக்கியம். ஆனால் 20, 21க்குப் பதில் 24 ஃப்ரெட் வைத்தால் விரல் பலகை நீண்டு, நெக் பக்கத்து பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) பிரிட்ஜை நோக்கித் தள்ளப்படும், அதன் உருண்டையான சத்தம் கொஞ்சம் மாறிவிடும். கம்பியைக் கட்டைவிரலால் அடித்து, விரலால் இழுத்து ஸ்லாப் செய்பவர்களுக்கு விரல் நுழைக்கும் இடமும் குறையும். கடைசி மூன்று ஃப்ரெட்டை வருஷத்தில் எத்தனை தடவை தொடுகிறீர்கள் என்று யோசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

தோளுக்கு வருவோம், எனக்கு இதில் பட்ட அனுபவம் அதிகம். எடையும் சமநிலையும் வேறு வேறு. 4 கிலோ பேஸ்கூட நெக் கீழே சாய்ந்தால் 5 கிலோவைவிடப் பாடுபடுத்தும். பாடியின் மேல் கொம்பு, அதாவது ஸ்ட்ராப் மாட்டும் முனை, 12ஆம் ஃப்ரெட்டுக்கு நேராக வரும்படி இருந்தால் பேஸ் ஓரளவு தானாக நிற்கும். கொம்பைக் குட்டையாக்கி அழகு பார்க்கும் வடிவங்களில்தான் தலை சாயும். ஹெட்ஸ்டாக்கை, அதாவது டியூனர்கள் இருக்கும் தலையை, சின்னதாக வைப்பது, லேசான டியூனர் போடுவது இரண்டும் உதவும், டியூனர் ஒவ்வொன்றிலும் 30, 40 கிராம் குறைந்தால் 5 கம்பியில் கணிசமாக மிச்சம், அதுவும் நெக்கின் கடைக்கோடியில். பாடியை மட்டும் லேசாகக் குடைந்து, நெக்கைக் கனமாக விட்டுவிட்டால் சாய்வு கூடத்தான் செய்யும். அட்டையில் முழு அளவு வரைபடம் வெட்டித் தரச் சொல்லி, அதை மடியிலும் தோளிலும் வைத்துப் பாருங்கள். பேஸ் செய்யும் நல்ல பில்டர் இதற்கு முகம் சுளிக்கமாட்டார்.

சரி, இப்போது மரம். பேஸின் சத்தத்தில் மரத்தின் பங்கு எவ்வளவு என்ற சண்டை ஓயாது. என் காதுக்கு பிக்கப் எங்கே உட்கார்ந்திருக்கிறது, என்ன கம்பி, விரல் எங்கே விழுகிறது என்பதற்கெல்லாம் அப்புறம்தான் பாடியின் மரம். ஆனால் நெக்கின் மரத்தில் அலட்சியம் கூடவே கூடாது. நான்கு கம்பிகளின் இழுப்பு முழுவதையும் ஆண்டுக்கணக்கில் தாங்குவது அதுதான். ரேகை நேராக ஓட வேண்டும், முடிச்சு இருக்கக் கூடாது, ஒரே பலகையைவிட மூன்று அல்லது ஐந்து பட்டைகளை ஒட்டிச் செய்த நெக் முறுக்கிக்கொள்வது குறைவு. பாடிக்கு நம் பக்கத்து ஆசை ஒன்று உண்டு. காரைக்குடிப் பக்கம் இடிக்கிற பழைய வீட்டின் பர்மா தேக்குத் தூண் கிடைத்தது, அதில் செய்யலாமா என்று கேட்பார்கள். செய்யலாம், நன்றாகக் காய்ந்து அடங்கிய மரம், எனக்கும் அதன் மேல் ஆசைதான். ஆனால் உள்ளே பழைய ஆணி இருக்கும், இழைப்புளியின் வாய் போய்விடும், மெஷினில் பட்டால் ஆபத்தும்கூட. தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால் ஒட்டும் இடத்தைத் துடைத்துவிட்டு உடனே ஒட்டாவிட்டால் பிடிப்பு வராது. எடையும் கூடும், அதனால் உள்ளே அறைகள் குடையச் சொல்ல வேண்டும். தஞ்சாவூர் வீணை பலாவில் செய்கிறார்களே, பேஸுக்கும் போடலாமா என்றும் கேட்கிறார்கள். பாடிக்குப் போடலாம், நன்றாகக் காய்ந்திருந்தால். நேற்று அறுத்த பலகையை வாங்கிக் கொடுத்து இதில் செய்யுங்கள் என்று பில்டரைக் கட்டாயப்படுத்துவதுதான் தவறு. ஈரம் பார்க்கும் மீட்டரில் 10 சதவீதம் அளவுக்காவது இறங்காத மரத்தில் கை வைக்கவே கூடாது.

ஏனென்றால் நம் வெயில் அப்படி. கடலோரத்து ஈரக் காற்றில் செய்த பேஸ், அக்னி நட்சத்திரத்தில் மதுரைக்கு வந்தால் விரல் பலகை சுருங்கி, ஃப்ரெட்டின் முனைகள் ஓரத்தில் வெளியே துருத்தி உள்ளங்கையைக் கீறும். ஐப்பசி மழையில் நெக் வேறு மாதிரி வளையும். ஆகவே நெக்குக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புத் தண்டான ட்ரஸ் ராடைத் திருப்பும் இடம் எளிதில் எட்ட வேண்டும், ஹெட்ஸ்டாக்கிலோ நெக்கின் அடியில் சின்னச் சக்கரமாகவோ. நெக்கையே கழற்றினால்தான் திருப்ப முடியும் என்ற பழைய அமைப்பைக் கேட்டு வாங்காதீர்கள், இங்கே வருஷத்துக்கு இரண்டு தடவையாவது அதைத் தொட வேண்டியிருக்கும். நெக்கின் பின்பக்கம் பளபளப்பு வார்னிஷும் வேண்டாம். வியர்வையில் கட்டைவிரல் ஒட்டிக்கொண்டு நகராது. மங்கலான சாட்டின் பூச்சு அல்லது எண்ணெய்ப் பூச்சு நம் மேடைகளுக்குப் பொருத்தம், எண்ணெய் என்றால் அவ்வப்போது நீங்களே பூசிக்கொள்ள வேண்டும்.

மின்சாரப் பக்கம் ஒரு பெரிய தவறு, ஆக்டிவ் ப்ரீஆம்ப் (பேட்டரியில் ஓடிச் சத்தத்தைக் கூட்டித் திருத்தும் சர்க்யூட்) கேட்டுவிட்டு பாஸிவ் சுவிட்ச் கேட்க மறப்பது. 9 வோல்ட் பேட்டரி பாட்டின் நடுவில் செத்தால் பேஸ் மொத்தமும் ஊமை. இரவு பதினொரு மணிக்குக் கிராமத்தில் எந்தக் கடையில் போய் வாங்குவது? பேட்டரியைத் துண்டித்துவிட்டு நேராக பிக்கப்பின் சத்தத்தை வெளியே அனுப்பும் சுவிட்ச் ஒன்று கட்டாயம் வேண்டும், பேட்டரி அறை ஸ்க்ரூ இல்லாமல் கையால் திறப்பதாக இருக்க வேண்டும். ஜாக்கைச் சொருகி வைத்தாலே பேட்டரி ஓடிக்கொண்டிருக்கும் என்பதையும் மறக்காதீர்கள், வாசித்து முடித்ததும் பிடுங்கிவிடுங்கள்.

அப்புறம் இரைச்சல். ஜெனரேட்டர், சீரியல் பல்பு, டிம்மர் எல்லாம் ஒரே மேடையில் இருக்கும்போது ஒரே சுருள் உள்ள சிங்கிள் காயில் பிக்கப் உறுமித் தள்ளிவிடும். ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்பையும் ஒரே அளவில் திறந்தால் உறுமல் ஒன்றையொன்று அடித்து அடங்கிவிடும், ஒன்றைக் குறைத்ததும் திரும்ப வரும். 1957இலிருந்து பிரிசிஷனில் வரும் இரட்டைத் துண்டு பிக்கப்பில் இந்தத் தொல்லை இல்லை. ஜாஸ் சத்தம்தான் வேண்டும் என்றால் உறுமல் அடக்கும் வகையைக் கேளுங்கள், எப்படியானாலும் உள்ளறை முழுக்கச் செம்பு நாடா ஒட்டி எர்த்தோடு இணைக்கச் சொல்லுங்கள். மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கிறதென்றால் அது பேஸின் குற்றம் இல்லை, மேடையின் எர்த் சரியில்லை. அங்கே வாசிக்காதீர்கள், உயிர் விஷயம்.

பிக்கப், பிரிட்ஜ், டியூனர் எல்லாவற்றிலும் வழக்கமான அளவே கேளுங்கள். விசித்திரமான அளவில் குழி வெட்டிவிட்டால் பத்து வருஷம் கழித்து ஒரு பிக்கப் போனால் மாற்று கிடைக்காது. தலையில் ஃபெண்டர் எழுத்தை ஒட்டித் தரச் சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், மாதக்கணக்கில் உழைத்தவரின் பெயர் அந்த இடத்தில் இருப்பதுதான் நியாயம், நாளைக்கு விற்கும்போது வாங்குபவரை ஏமாற்றியதாகவும் ஆகாது. விற்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், உங்கள் கைக்கென்று செய்தது அடுத்தவருக்கு அப்படியே பொருந்தாது, போட்ட பணம் திரும்பாது. முதலீடு என்று நினைத்துச் செய்யாதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு நாள் ஒன்று, வாய்ஸ் மெசேஜில் இன்னொன்று என்று சிதறியிருந்தால் செய்பவருக்கும் நினைவிருக்காது. எந்தத் தடிமன் கம்பி போடப் போகிறீர்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும், நட்டின் பள்ளத்தை அந்தக் கம்பிக்கு ஏற்பத்தான் வெட்டுவார்கள். பணத்தை வேலை நகர நகரத் தவணையாகக் கொடுங்கள். மரம் ஒட்டியாகிவிட்ட பிறகு "அந்த வளைவைக் கொஞ்சம் மாத்தலாமா" என்று கேட்காதீர்கள். சித்திரைத் திருவிழாவுக்குள் வேண்டும் என்று நாளும் குறிக்காதீர்கள். அவசரத்தில் பூச்சு சரியாகக் காயாது, நெக்குக்கு அடங்க நேரம் கிடைக்காது. வடிவம் வித்தியாசமாக இருந்தால் கடையில் விற்கும் கேஸில் நுழையாது, கேஸையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

பேஸ் பார்சலில் வந்ததும் பெட்டியை உடைத்து அன்றைக்கே மேடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். வீட்டில் நிழலான இடத்தில் இரண்டு நாள் வையுங்கள், அப்புறம் சுருதி சேர்த்து, ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தி, ஏழாம் எட்டாம் ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே எவ்வளவு சந்து என்று பாருங்கள். மூன்று தபால் கார்டு மொத்தத்துக்கு மேல் இருந்தால் நெக் அதிகம் வளைந்திருக்கிறது, சந்தே இல்லையென்றால் நேராகவோ பின்னால் சாய்ந்தோ இருக்கிறது. 12ஆம் ஃப்ரெட்டில் அழுத்திய ஸ்வரமும் அதே இடத்தின் ஹார்மோனிக்கும் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஸ்வரம்) சுருதி காட்டும் டியூனர் மீட்டரில் ஒன்றாகக் காட்ட வேண்டும். ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் மெதுவாக வாசித்து, அதிர்கிற இடம் இருந்தால் குறித்து, ஒரு வீடியோவாகச் செய்தவருக்கு அனுப்புங்கள். பிறகு ஸ்ட்ராப்பை மாட்டி, நின்று, இரண்டு கையையும் எடுத்துவிட்டுப் பாருங்கள், நெக் அப்படியே நிற்கிறதா என்று.