'லூரிட்' என்பது பாராட்டு அல்ல

ஆங்கிலத்தில் 'லூரிட்' (lurid) என்ற சொல்லைக் கண்டதும், இதுவும் 'விவிட்' (vivid) மாதிரிதானே என்று 'தத்ரூபமான' எனத் தமிழில் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. கண்முன்னே கொண்டுவந்து நிறுத்துவது இரண்டுக்கும் பொதுதான். ஆனால் 'விவிட்' மெச்சிச் சொல்வது. 'லூரிட்' முகம் சுளித்துக்கொண்டே சொல்வது. உங்கள் வர்ணனை லூரிட்டாக இருக்கிறது என்று ஓர் எழுத்தாளரிடம் சொன்னால் அவர் நன்றி சொல்லமாட்டார்.

அந்த முகச்சுளிப்பு பிறவியிலேயே ஒட்டிக்கொண்டது. லத்தீனில் 'லூரிடுஸ்' என்றால் வெளிறிப்போன, நோயாளித்தனமான மஞ்சள். பழங்கால ரோமானியக் கவிஞர் ஹொரேஸ் தன் கவிதை ஒன்றில் வயதேறிய ஒரு பெண்ணைக் குத்திக்காட்ட, அவளுடைய பற்களுக்கு இந்த நிறத்தைத்தான் கொடுக்கிறார். இன்னொரு ரோமானியக் கவிஞரான ஓவிட் இதே அடைமொழியை, கொடிய மாற்றாந்தாய்மார் கலக்கும் நஞ்சுச் செடிக்குச் சூட்டுகிறார். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் வெளிறிய நிறம் என்றுதான் பொருள். அப்புறம் புகைக்கும் இருட்டுக்கும் நடுவே தெரிகிற தீயின் செவ்வொளியைச் சொல்லப் பயன்பட்டது. அச்சமூட்டும் பரபரப்பு என்ற இன்றைய பொருள் 19ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது.

இந்தக் கதை தெரிந்தவர்கள் செய்யும் தவறு வேறு. மூலப்பொருளைப் பிடித்துக்கொண்டு, இன்றைய செய்தியில் வரும் 'லூரிட்' நிறத்தையும் 'வெளிறிய' என்று பெயர்ப்பார்கள். இப்போது அது கண்ணை உறுத்தும் அளவுக்கு அடர்ந்த நிறம், ஏறக்குறைய நேர்எதிர். பழைய நூல்களில் 'லூரிட்' முகம் என்று வந்தால் மட்டும் வெளிறிய முகமா என்று யோசிக்கலாம்.

சம்பவத்துக்கே இந்த அடைமொழியைக் கொடுப்பதிலும் நிதானம் வேண்டும். பெரும்பாலும் இது சொல்லும் விதத்தைக் குறிக்கிறது. 'கழுத்தின் இடப்பக்கம் நான்கு சென்டிமீட்டர் வெட்டுக்காயம்' என்று பிரேதப் பரிசோதனை அறிக்கை எழுதினால் அதில் லூரிட் எதுவும் இல்லை. அதே காயத்தை எடுத்துக்கொண்டு, ரத்தம் கட்டிலிலிருந்து வாசல்வரை வழிந்ததை ஒரு பத்தி முழுக்க ருசித்து ருசித்து எழுதினால், அதுதான் லூரிட். வாசகரின் ஆவலைக் கிளறிக் காசாக்கும் நோக்கம் அதில் தெரிய வேண்டும்.

தமிழில் ஒரே சொல்லை எல்லா இடத்துக்கும் பூட்டவும் முடியாது. கொலை விவரம் என்றால் 'கோரமான', படுக்கையறை வம்பு என்றால் 'கிளுகிளுப்பான', நிறம் என்றால் 'கண்ணை உறுத்தும்'. 'தெளிவான' என்பது மட்டும் எங்குமே பொருந்தாது. அது 'லூசிட்' (lucid) என்ற வேறொரு சொல்லுக்கு உரியது.

'லிவிட்' (livid) இன்னொரு குழப்பம். அடிபட்டுக் கன்றிப்போன நீலநிறத்தில் தொடங்கி, இன்று கடுங்கோபத்தில் வந்து நிற்கிறது. ஆசைகாட்டி இழுப்பதைக் குறிக்கும் 'லூர்' (lure) 'லூரிட்'டுக்கு ஓசையில் மட்டும்தான் சொந்தம். வேட்டைக்குப் பழக்கிய வல்லூறைத் திரும்ப அழைக்கும் கருவியின் பெயர் அது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது.