சாஃப்ட்வேர் டீம்ல சண்டையை அளக்கும்போதும் தீர்க்கும்போதும் பண்ற தப்புகள்

முதல் தப்பே சத்தத்தை வச்சு அளக்கிறதுதான். ஒரு புல் ரிக்வெஸ்ட்ல, அதாவது எழுதின கோடைச் சேர்க்கலாமான்னு மத்தவங்ககிட்ட காட்டிக் கேக்கிற இடத்துல, நாப்பது கமெண்ட் ஓடுச்சுன்னா மேனேஜர் பதறிடுவார், டேட்டாபேஸ் டிசைனைப் பத்தின வாக்குவாதமா இருந்தா அது ஓடட்டும்ங்க. ரெண்டாயிரம் வரி கோடுக்கு ரெண்டே நிமிஷத்துல "எல்ஜிடிஎம்" (பார்த்தேன், நல்லாருக்கு) போட்டு அப்ரூவ் பண்றாங்க பாருங்க, அங்கதான் சந்தேகப்படணும், பாதி நேரம் "இவர்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது"ன்னு விட்டிருப்பாங்க.

அடுத்து, எல்லா சண்டையையும் ஒரே ஸ்கோர்ல அடைக்கிறது. கேரன் ஜென்னுங்கிற ஆராய்ச்சியாளர் 1995லயே வேலை பத்தின கருத்து வேறுபாடு, ஆளுக்கு ஆள் வர்ற உரசல்னு பிரிச்சு தனித்தனியா கேள்வி வச்சு அளந்தாங்க. அப்போ வேலை சண்டை நல்லதுன்னு உடனே கிளம்பிடாதீங்க, 2003ல டி ட்ரூவும் வைன்கார்ட்டும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தப்போ ரெண்டுல எந்த வகை சண்டை அதிகமா இருந்தாலும் டீமோட பெர்ஃபார்மன்ஸ் குறைவாதான் இருந்துச்சு, ரெண்டும் அவ்வளவா சேர்ந்து வராத இடத்துலதான் வேலை சண்டையோட பாதிப்பு கம்மி. அதனால கவனிக்க வேண்டியது "இந்த குவெரி (டேட்டாபேஸ்கிட்ட கேக்கிற கேள்வி) ஸ்லோ"ங்கிற பேச்சு "நீ எப்பவும் இப்படித்தான் எழுதுவ"ன்னு மாறுற இடத்தை.

சர்வே எடுக்கிறதுலயும் கூத்துதான். அனானிமஸ்னு சொல்லிட்டு ரோல் என்னன்னு கேப்பாங்க, டீம்ல இருக்கிறதே ஒரே ஒரு டெஸ்டர்! அப்புறம் ஆவரேஜ் வேற. 1னா சண்டையே இல்ல, 5னா ரொம்ப அதிகம்னு வச்சுக்கோங்க. ஆறு பேர்ல மூணு பேர் 1, ரெண்டு பேர் 2, ஒருத்தர் 5 போட்டா ஆவரேஜ் 2 தான், ஸ்லைடுல பச்சை கலர், அந்த ஒருத்தர் ரெஸ்யூமே அப்டேட் பண்ணிட்டிருப்பார். இதே ஸ்கோரை டீம் லீடோட அப்ரைசல்ல சேர்த்துட்டீங்கன்னா அடுத்த தடவை "எல்லாரும் 1 போட்டுடுங்கப்பா"ன்னு அவரே கேப்பார்.

தீர்க்கிற விஷயத்துல பெரிய தப்பு, எல்லாத்துக்கும் ஈகோன்னு பேர் வைக்கிறது. ஜிரால, அதாவது வேலையையும் பக்கையும் டிக்கெட்டா போட்டு வைக்கிற டூல்ல, ஒரு டிக்கெட்டை டெவலப்பர் "நாட் எ பக்"னு க்ளோஸ் பண்றார், டெஸ்டர் ரீஓப்பன் பண்றார், திரும்ப க்ளோஸ், திரும்ப ரீஓப்பன். ரெண்டு பேரையும் கூப்பிட்டு "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க"ன்னா ஒண்ணும் நடக்காது, ஏன்னா ரிக்வயர்மென்ட்டையே ரெண்டு விதமா படிக்கலாம். ப்ராடக்ட்ல என்ன வரணும்னு முடிவு பண்ற ப்ராடக்ட் ஓனரை உக்கார வச்சு அந்த கேஸ்ல ஸ்க்ரீன்ல என்ன வரணும்னு ஒரு வரி எழுதி வாங்குங்க. அதுக்கப்புறமும் அதே ரெண்டு பேருக்குள்ள வேற வேற டிக்கெட்ல முட்டிக்கிட்டே இருந்தா அப்போ தனித்தனியா கூப்பிட்டுப் பேசுங்க, தினமும் நடக்கிற ஸ்டாண்டப் மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் வேண்டாம்.